ஒரே தராசு, ஒரே சரிவு: பொம்மைக் கார் முதல் சுண்டன் வள்ளம் வரை பந்தய நேர்மையின் வரலாறு

மட்டாஞ்சேரியில் மிளகுக்கு விலை கூறுவதற்கு முன்பு, எது மிளகு என்று முடிவு செய்தாக வேண்டியிருந்தது. யூதர் தெருவை மையமாகக் கொண்ட மிளகு வணிகத்தில், 1957 முதல் முன்பேர வணிகம் நடத்திய வணிகர் சங்கத்தின் கூடத்தில், வாங்குவோரும் விற்போரும் உரக்கக் கூவி விலை பேசினர். மூட்டை கண்ணில் படாமலேயே பேரம் முடிந்தது. இது சாத்தியமானதற்குக் காரணம் தரப்பிரிப்பு. தூசியும் காம்பும் நீக்கப்பட்டு, ஈரப்பதம் வரையறைக்குள் இருக்கும் மிளகுக்கு ‘மலபார் கார்பிள்டு’ என்று பெயர். அந்தப் பெயர் பெற்ற மிளகு யாருடைய தோட்டத்திலிருந்து வந்தாலும் ஒன்றுதான். பொருள் சமன் செய்யப்பட்ட பிறகே விலையில் போட்டி பிறக்கிறது. சமன் செய்யப்படாத பொருளுக்கு விலை கூறினால், அங்கே நடப்பது போட்டி அல்ல, ஏமாற்று.

குழந்தைகளின் பொம்மைக் கார்ப் பந்தயத்தை இந்தச் சந்தையோடு ஒப்பிடுவது முதலில் மிகையாகத் தோன்றலாம். ஆயினும் இரண்டிலும் அடிப்படைக் கேள்வி ஒன்றே. எதையெல்லாம் சமன் செய்வது, எதை மட்டும் போட்டிக்கு விட்டுவைப்பது? கடந்த தொண்ணூறு ஆண்டுகளில் மரக்கட்டைக் கார்களும் மின்கல பொம்மைக் கார்களும் ஓடிய சரிவுகளில் இக்கேள்விக்குப் பல விடைகள் சோதிக்கப்பட்டன. அவ்விடைகளின் வரலாறு, கொச்சிக் காயலில் இன்று நடக்கும் படகு லீக்கைப் புரிந்துகொள்ளவும் உதவுகிறது.

1. சரிவும் காந்தமும்

1933ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் நாளிதழ்ப் புகைப்படக்காரர் மைரன் ஸ்காட், பெட்டிப் பலகைகளையும் பழைய சக்கரங்களையும் கொண்டு சிறுவர்கள் தாமே செய்த வண்டிகளைத் தெருச்சரிவில் உருட்டிப் பந்தயம் விடுவதைக் கண்டார். அடுத்த ஆண்டே அது ‘சோப் பாக்ஸ் டெர்பி’ என்ற தேசியப் போட்டியாயிற்று. 1935இல் ஆக்ரன் நகருக்கு மாறியது. 1936இல் பெருமந்தக்கால அரசு வேலைத்திட்டத்தின் உதவியுடன் அங்கே நிலையான சரிவு ஒன்று கட்டப்பட்டது. இயந்திரம் இல்லை, மிதிகட்டை இல்லை. புவியீர்ப்பு ஒன்றே எரிபொருள். புவியீர்ப்பு எல்லோருக்கும் பொது என்பதால் இப்போட்டி இயல்பிலேயே நேர்மையானது என்ற எண்ணம் பரவியிருந்தது.

அந்த எண்ணம் நீடிக்கவில்லை. எடை கூடிய வண்டிக்குக் காற்றின் எதிர்ப்பு ஒப்பீட்டளவில் குறைவு. ஆகவே வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்த எடைக்கு உச்சவரம்பு வந்தது. நல்ல சக்கரம் வாங்க வசதியுள்ளவன் முந்தினான். ஆகவே சக்கரங்கள் பொதுவாக வழங்கப்பட்டன. ஒரே தொழிற்சாலையில் வார்த்த சக்கரங்களிலும் சிறு வேறுபாடு உண்டு. இரண்டு தடங்களில் ஒன்று சற்றே வேகமானதாக இருக்கக்கூடும். இந்த இரண்டு ஐயங்களுக்கும் சேர்த்து ஒரு நேர்த்தியான விடை பிற்காலத்தில் உருவாயிற்று. இருவர் ஓடியபின் இருவரும் சக்கரங்களை மாற்றிக்கொள்வர்; தடத்தையும் மாற்றிக்கொள்வர்; மீண்டும் ஓடுவர். இரு ஓட்டங்களின் நேர வேறுபாடுகளைக் கூட்டியே வெற்றி தீர்மானிக்கப்படும். எதிரியின் சக்கரத்தில், எதிரியின் தடத்தில் ஓடியும் முந்துபவனின் வெற்றியை எவரும் குறை சொல்ல முடியாது.

விதிகள் எவ்வளவு பெருகினாலும், அவற்றைத் தாண்டும் ஊக்கம் பரிசின் அளவைப் பொறுத்தது என்பதை 1973 காட்டியது. அவ்வாண்டு கொலராடோவிலிருந்து வந்த 14 வயதுச் சிறுவன் முதலிடம் பெற்றான். அவனுடைய ஓட்டங்களின் நேரத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று உறுத்தியது. சுற்றுக்குச் சுற்று வண்டி மெதுவாகிக்கொண்டே வந்தது. வண்டியை எக்ஸ்ரே எடுத்தபோது மூக்குப் பகுதியில் ஒரு மின்காந்தமும் அதற்கு மின்கலமும் தெரிந்தன. தலைச்சாய்வில் அழுத்தினால் காந்தம் உயிர்பெறும். தொடக்கத்தில் வண்டிகளைத் தடுத்து நிற்கும் இரும்புத் தகடு முன்னோக்கி விழும்போது, அது காந்தத்தையும் அதனோடு வண்டியையும் இழுத்துச் செல்லும். மின்கலம் தீரத்தீர அந்த இழுப்பும் குறைந்தது. இரண்டே நாளில் பட்டம் பறிக்கப்பட்டு, இரண்டாமிடம் வந்தவனுக்கு அளிக்கப்பட்டது.

இந்நிகழ்வில் மறக்கத்தகாத செய்தி, காந்தத்தைப் பொருத்தத் துணைநின்றவர் ஒரு வயதுவந்தவர் என்பதே. அவர் சிறுவனின் மாமா, தொழிலதிபர். விதிமீறல் அங்கே பரவலாக இருந்தது, பிறரோடு சமமாக நிற்கவே தாம் அவ்வாறு செய்ததாக அவர் வாதிட்டார். பந்தய வரலாற்றில் மீண்டும் மீண்டும் கேட்கும் குரல் இது. விதிகள் சிலரிடம் மட்டும் கண்டிப்பாகவும் பிறரிடம் தளர்வாகவும் நடைமுறைப்படுத்தப்படும்போது, ஏமாற்றுபவன்கூடத் தன்னை நீதி கேட்பவனாகக் கருதிக்கொள்கிறான். விதி நேர்மையாக இருப்பது மட்டும் போதாது. அது ஒவ்வொரு வண்டிக்கும், ஒவ்வொரு சுற்றிலும், ஒவ்வோர் ஆண்டும் ஒரேமாதிரி செயல்பட வேண்டும்.

2. யார் செய்த கார்?

சோப் பாக்ஸ் டெர்பியின் மற்றொரு குறைபாடு நுழைவாயிலிலேயே இருந்தது. 1971 வரை சிறுமியருக்கு அங்கு இடமில்லை. அனுமதி கிடைத்த நான்கே ஆண்டுகளில், 1975இல், கேரன் ஸ்டெட் என்ற 11 வயதுச் சிறுமி பட்டம் வென்றார். அதற்கு முந்தைய முப்பத்தாறுக்கும் மேற்பட்ட ஆண்டுகளின் ‘சிறந்தவர்’ பட்டியல், பாதிக் குழந்தைகளை வெளியே நிறுத்திவிட்டுத் தயாரித்த பட்டியல் என்பதை அந்த ஒரு வெற்றி எடுத்துக்காட்டியது.

வயது வரம்பும் அவ்வாறே. கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் நகரில், விமானத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றிய டான் மர்ஃபி என்பவரின் 10 வயது மகன் டெர்பியில் சேரும் வயதை எட்டவில்லை. அந்த ஏமாற்றத்தைப் போக்க மர்ஃபி, சாரணர் இயக்கத்தின் இளஞ்சிறார் பிரிவுக்காக ஒரு சிற்றுருப் பந்தயத்தை வடிவமைத்தார். 1953 மே மாதம் முதல் ‘பைன்வுட் டெர்பி’ நடந்தது. விதி மிக எளிது. எல்லோருக்கும் ஒரே தொகுப்பு: ஒரு பைன் மரக்கட்டை, நான்கு சக்கரங்கள், அச்சாக நான்கு ஆணிகள். நீளம் 7 அங்குலம். எடை 5 அவுன்சுக்கு, அதாவது ஏறக்குறைய 142 கிராமுக்கு, மிகக்கூடாது.

மட்டாஞ்சேரியின் தரப்பிரிப்பைப் போன்றதே இது. மூலப்பொருள் ஒன்றாக்கப்பட்டது, மீதமிருப்பது கைத்திறன். ஆனால் எவருடைய கைத்திறன்? கட்டையை அறுக்க வாள் தேவை. ஆணியின் பிசிறை நீக்கி மெருகேற்றப் பொறுமையும் பழக்கமும் தேவை. ஈயத்துண்டை எங்கே பதித்தால் வண்டி வேகமெடுக்கும் என்பதற்கு இயற்பியல் தேவை. சரிவின் உச்சியில் நிற்கும்போது பின்பக்கத்தில் பதித்த எடை சற்றே உயரத்தில் இருப்பதால், அதன் நிலை ஆற்றல் கூடுதல். ஏழு வயதுக் குழந்தை இவற்றையெல்லாம் தானே அறிந்திருக்க வாய்ப்பில்லை. பட்டறையும் நேரமும் உள்ள தந்தையின் குழந்தைக்கும் அவை இல்லாத குழந்தைக்கும் இடையிலான தொலைவை ஒரே மரக்கட்டை அழித்துவிடாது. சில நேரங்களில் அதை மறைத்துவிடும். எல்லோருக்கும் ஒரே பெட்டி தரப்பட்டதே என்ற வாதம், தோற்ற குழந்தையின் மீதே பழியைச் சுமத்திவிடுகிறது.

இதற்கு விதிப்புத்தகத்தில் எழுதக்கூடிய முழுமையான தீர்வு இல்லை. ஆகவே பந்தய அமைப்பாளர்கள் பக்கவழிகளைக் கண்டனர். எல்லாக் குழந்தைகளும் ஒரே கூடத்தில், ஒரே கருவிகளோடு கார் செய்யும் பட்டறை நாள்கள் நடத்தப்பட்டன. போட்டியிடத் துடிக்கும் பெற்றோருக்கென்று தனிப் பிரிவு திறக்கப்பட்டது. எடையைச் சோதிக்க அரங்கில் உள்ள ஒரு தராசு மட்டுமே செல்லும். வீட்டுத் தராசு காட்டிய எண் செல்லாது. சோதனை முடிந்த கார்கள் பந்தயம் தொடங்கும்வரை உரியவர் கைக்குத் திரும்புவதில்லை. இவற்றில் எதுவும் பெருங்கண்டுபிடிப்பல்ல. ஆனால் பழகிய நடுவரின் நல்லெண்ணத்தை நம்பியிருந்த இடத்தில், எவரும் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய நடைமுறை வந்து அமர்ந்தது இவற்றின் மூலமே.

3. தடத்தின் கணக்கு

பொம்மைக் கார் லீக்கில் கார்களைச் சமன் செய்வதைவிடத் தடங்களைச் சமன் செய்வது கடினம். மரத்தாலான சரிவில் ஒரு தடத்தில் பலகை இணைப்பு சற்றே மேடாக இருக்கலாம். வளைவுள்ள பாதையில் உள்தடம் குறுகியது, வெளித்தடம் நீண்டது. ஜப்பானின் தமியா நிறுவனம் 1982இல் அறிமுகப்படுத்திய ‘மினி 4டபிள்யூடி’ என்னும் மின்கல பொம்மைக் கார்களின் பாதையில் இச்சிக்கலுக்கு விடை பாதையின் உடலிலேயே இருக்கிறது. மூன்று தடப் பாதையில் ஓரிடத்தில் ஒரு தடம் பாலம்போல் எழுந்து மற்றவற்றைத் தாண்டி மறுபக்கம் இறங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கார் அடுத்த தடத்துக்கு மாறும். மூன்று சுற்று முடிந்தால் ஒவ்வொரு காரும் மூன்று தடங்களிலும் ஓடியிருக்கும். கடந்த தொலைவும் சமமாகும். நடுவரின் தலையீடு இங்கே தேவைப்படவே இல்லை.

நேர்ச்சரிவில் அவ்வாறு பாலம் கட்ட முடியாது. அங்கே அட்டவணைதான் பாலம். மூன்று தடங்கள், ஏழு கார்கள் என்று கொள்வோம். முதல் சுற்றில் 1, 2, 4 ஆகிய கார்கள் முறையே முதல், இரண்டாம், மூன்றாம் தடங்களில் ஓடட்டும். அடுத்த சுற்றில் ஒவ்வோர் எண்ணோடும் ஒன்றைக் கூட்டினால் 2, 3, 5. பிறகு 3, 4, 6. 4, 5, 7. 5, 6, 1. 6, 7, 2. 7, 1, 3. ஏழே சுற்றுகளில் ஒவ்வொரு காரும் ஒவ்வொரு தடத்திலும் சரியாக ஒருமுறை ஓடிவிடுகிறது. எந்த இரு கார்களை எடுத்தாலும் அவை சரியாக ஒருமுறை நேருக்கு நேர் சந்தித்திருக்கின்றன. தாளும் பென்சிலும் இருந்தால் பள்ளி மாணவர் எவரும் இதைச் சரிபார்க்கலாம். பதின்மூன்று கார்களுக்கும் நான்கு தடங்களுக்கும் 1, 2, 4, 10 என்ற தொடக்கம் இதே அற்புதத்தைச் செய்யும்.

இந்த அட்டவணைக்குப் பின்னால் உள்ள கணிதத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் இந்தியாவுக்குச் சிறப்பான பங்கும் உண்டு. பள்ளிச் சிறுமியர் பதினைவரை ஏழு நாள் மும்மூவராக நடக்கச் செய்யும் புதிரை 1850இல் இங்கிலாந்துப் பாதிரியார் தாமஸ் கர்க்மன் வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டில் இதே கேள்வி வயலுக்கு வந்தது. பல நெல் வகைகளை ஒப்பிட வேண்டும். ஆனால் வயலின் ஒரு மூலை வளமானது, மறுமூலை வறண்டது. வளமான மூலையில் விதைத்த வகை சிறந்தது என்று முடிவு கட்டினால், அது நிலத்துக்குக் கொடுத்த பரிசு. நெல்லுக்குக் கொடுத்தது அல்ல. ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு வகையோடும் சம எண்ணிக்கையில் ஒரே துண்டு நிலத்தில் சந்திக்குமாறு அமைப்பதை ஃபிராங்க் யேட்ஸ் 1936இல் முறைப்படுத்தினார். மகலனோபிஸ் 1931இல் கொல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்.சி. போஸ், அத்தகைய அமைப்புகளை உருவாக்கும் பொதுவழிகளை 1939இல் வெளியிட்டார். மேலே கண்ட ஏழு கார் அட்டவணை அந்தக் குடும்பத்தின் மிகச் சிறிய உறுப்பினர். வயலின் வளமூலையும் சரிவின் வேகத்தடமும் கணிதத்துக்கு ஒன்றே.

இதே கணிதம் ஒரு கசப்பான உண்மையையும் சொல்கிறது. ஏழு கார்களோடு எட்டாவது கார் ஒன்று வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு காரும் மூன்று தடங்களிலும் சம எண்ணிக்கையில் ஓட வேண்டுமெனில், அதன் ஓட்டங்கள் மூன்றின் மடங்காக இருக்க வேண்டும். ஒவ்வோர் ஓட்டத்திலும் இரு எதிரிகள்; மொத்தம் ஏழு எதிரிகளைச் சம எண்ணிக்கையில் சந்திக்க வேண்டுமெனில், ஓட்டங்கள் ஏழின் மடங்காகவும் இருக்க வேண்டும். ஆக ஒவ்வொரு காரும் குறைந்தது 21 முறை ஓட வேண்டும். மொத்தச் சுற்றுகள் 56. ஒரே ஒரு குழந்தை கூடுதலாக வந்ததால் ஏழு சுற்றில் முடிந்த நேர்மைக்கு இப்போது ஐம்பத்தாறு சுற்று தேவைப்படுகிறது. மாலைக்குள் பந்தயம் முடிய வேண்டும், குழந்தைகளுக்குப் பசிக்கும். ஆகவே எல்லா லீக்குகளும் எங்கோ ஓரிடத்தில் சமரசம் செய்கின்றன. அந்தச் சமரசம் பந்தயத்துக்கு முன்பே அறிவிக்கப்பட்டதா, முடிவு தெரிந்தபின் கண்டுபிடிக்கப்பட்டதா என்பதில்தான் நல்ல லீக்கும் கெட்ட லீக்கும் பிரிகின்றன.

4. தொடக்கச் சமன், முடிவுச் சமன்

பொம்மைக் கார் உலகம் பெரும்பாலும் தொடக்கத்தைச் சமன் செய்கிறது. தமிழகத்திலும் அதற்கு முழு அளவிலான எடுத்துக்காட்டு உண்டு. சோழவரத்தின் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த கார்ப் பந்தயங்களில் வெளிநாட்டு இயந்திரம் இறக்குமதி செய்ய வசதியுள்ளோர் முன்னின்றனர். கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவர்தன், மாருதி 800 காரின் இயந்திரத்தைக் கொண்டு எளிய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். ‘ஃபார்முலா மாருதி’ என்ற அப்பிரிவில் எல்லோர் காரும் ஏறக்குறைய ஒன்று. ஓட்டுபவரின் கையே வேறு. நரேன் கார்த்திகேயன் தம் தொடக்கக் காலத்தில் ஓட்டிய பிரிவுகளில் அதுவும் ஒன்று. 1995இல் விமான விபத்தில் மறைந்த கரிவர்தனின் பெயரை இன்று கோவைக்கு அருகிலுள்ள செட்டிபாளையம் பந்தயத் தளம் தாங்கி நிற்கிறது.

கிண்டியில் இதற்கு நேரெதிரான மரபு நிலவுகிறது. குதிரைப் பந்தயத்தின் ‘ஹேண்டிகேப்’ முறையில், முன்பு நன்றாக ஓடிய குதிரைக்கு அதிக எடையும் பின்தங்கிய குதிரைக்குக் குறைந்த எடையும் ஏற்றப்படுகின்றன. கோட்பாட்டளவில் எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் எல்லைக்கோட்டைத் தொட வேண்டும். இங்கே சமன் செய்யப்படுவது தொடக்கம் அல்ல, முடிவு. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டே என்று 1996இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் அத்திறமை யாருடையது என்ற கேள்விக்கு விடை எளிதன்று. அதில் குதிரைக்கும் பங்குண்டு, ஓட்டுபவருக்கும் உண்டு, எடையைக் கணிக்கும் அலுவலருக்கும் உண்டு.

குழந்தைகளின் லீக் இவ்விரண்டில் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது தொழில்நுட்பக் கேள்வி அல்ல. சென்ற வாரம் வென்ற குழந்தையின் காரில் இந்த வாரம் சுமை ஏற்றினால் கூட்டம் ஆர்வத்தோடு பார்க்கும். ஆனால் நன்றாகச் செய்ததற்குத் தண்டனை என்று அக்குழந்தை உணரும். சுமை ஏற்றாவிட்டால் ஒரே குழந்தை ஆண்டு முழுவதும் வெல்லலாம்; மற்றவர்கள் ஆர்வமிழந்து விலகலாம். இரண்டுமே நேர்மையின் வடிவங்கள். இரண்டையும் ஒரே பருவத்தில் மாற்றிமாற்றிப் பயன்படுத்துவது மட்டுமே நேர்மையாகாது.

5. ஐந்து மில்லிவிநாடி

1972 மியூனிக் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் தனிநபர் கலப்பு நீச்சலில் ஸ்வீடனின் குன்னார் லார்சன், அமெரிக்காவின் டிம் மெக்கீயை 0.002 விநாடியில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. அவர்கள் நீந்திய வேகத்தில் அது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். ஆனால் நீச்சல் குளத்தின் இரு தடங்களுடைய நீளத்தை அவ்வளவு துல்லியமாகக் கட்டுவது எந்தக் கொத்தனாராலும் ஆகாத காரியம். சுவரில் கூடுதலாகப் பூசிய சாந்தே ஒருவரின் தங்கத்தை மற்றவருக்குக் கொடுத்திருக்கலாம். அதன்பின் நீச்சலில் நூறில் ஒரு பங்கு விநாடிக்கு மேல் பிரித்துப் பார்ப்பது கைவிடப்பட்டது. அந்த அளவில் சமன் என்றால் பதக்கம் பகிரப்படும். 2016 ரியோவில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் மூவர் வெள்ளியைப் பகிர்ந்துகொண்டது இவ்விதியின் விளைவே. கடிகாரத்தின் துல்லியம் களத்தின் துல்லியத்தைவிடக் கூடினால், கூடுதலாகக் கிடைக்கும் எண் வெறும் எண். அது அறிவாகாது என்ற பாடம் அங்கே விதியாயிற்று.

கேரளத்தில் இதே கேள்வி 2024 செப்டம்பர் 28 அன்று ஆலப்புழையின் புன்னமடைக் காயலில் எழுந்தது. வயநாட்டு நிலச்சரிவின் காரணமாக ஆகஸ்டிலிருந்து தள்ளிவைக்கப்பட்ட நேரு கோப்பைப் படகுப் போட்டியின் இறுதியில், பள்ளாத்துருத்தி படகுக் கழகம் துடுப்பு வலித்த காரிச்சால் சுண்டன் 4 நிமிடம் 29.785 விநாடியில் எல்லையைத் தொட்டது. கைனகரி வில்லேஜ் படகுக் கழகத்தின் வீயபுரம் சுண்டனுக்கு 4 நிமிடம் 29.790 விநாடி. வேறுபாடு ஐந்து மில்லிவிநாடி. வள்ளம் விநாடிக்கு ஐந்து மீட்டர் செல்வதாகக் கொண்டால், நூறடிக்கும் மேல் நீளமுள்ள இரு மரக்கலங்களுக்கு இடையே இரண்டரை சென்டிமீட்டர். முடிவை எதிர்த்து முறையீடு எழுந்ததில் வியப்பில்லை. நீர் அலையும், மிதவைகளில் கட்டிய தடம் அசையும், எல்லைக்கோடு சுவர் அல்ல. இத்தகைய களத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி எதை அளக்கிறது என்று கேட்பது, வென்றவரை இழிவுபடுத்துவது ஆகாது. அடுத்த ஆண்டு தோற்கப்போகும் எவருக்கும் உரிய பாதுகாப்பு அது.

6. கொச்சிக் காயலில் ஒரு லீக்

1952இல் ஜவாஹர்லால் நேரு ஆலப்புழைக்கு வந்தபோது அவரை வரவேற்க நடந்த போட்டியில் நடுபாகம் சுண்டன் வென்றது. அவர் அனுப்பிய வெள்ளி வள்ளமே பின்னர் கோப்பையாயிற்று. அது ஆண்டுக்கு ஒருநாள் பந்தயம். ஒருநாள் பந்தயத்தில் காற்றும் நீரோட்டமும் தடக்குலுக்கலும் சேர்ந்து ஓராண்டு உழைப்பைத் தீர்மானித்துவிடும். 2019இல் கேரளச் சுற்றுலாத் துறை தொடங்கிய ‘சாம்பியன்ஸ் படகு லீக்’ இதற்கு மாற்றாக அமைந்தது. ஒன்பது சுண்டன் வள்ளங்கள், பன்னிரண்டு இடங்கள், ஒவ்வொன்றிலும் புள்ளிகள். அவ்வாண்டு ஆகஸ்ட் 31 அன்று புன்னமடையில் தொடங்கி நவம்பர் 23 அன்று கொல்லத்தில் முடிந்தது. பள்ளாத்துருத்திக் கழகம் பட்டம் வென்றது. லீக் என்ற வடிவமே நேர்மைக்கான ஒரு கருவி. ஒருநாளின் அதிர்ஷ்டம் பன்னிரண்டு நாள்களில் கரைந்துபோகும். திறமை மட்டும் படிந்து நிற்கும் என்பது அதன் எதிர்பார்ப்பு.

அந்தப் பன்னிரண்டில் ஓரிடம் கொச்சியின் மரைன் டிரைவ். மட்டாஞ்சேரிப் படகுத்துறையிலிருந்து நீர்வழியே சென்றால் வில்லிங்டன் தீவைக் கடந்து அடையும் அக்கரை. கடல்வாய்க்கு அருகில் உள்ளதால் இங்கே நீர் ஒருபோதும் நிலையாக நிற்பதில்லை. ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வரும். முதல் சுற்று ஏற்றத்திலும் மூன்றாம் சுற்று இறக்கத்திலும் நடந்தால், வெவ்வேறு சுற்றுகளில் ஓடிய வள்ளங்களின் நேரத்தை ஒப்பிட்டு இறுதிக்குத் தகுதி தருவது, வளமூலை நெல்லையும் வறள்மூலை நெல்லையும் ஒப்பிடுவதைப் போன்றது. நேருக்கு நேர் முந்தியவரை மட்டும் தேர்ந்தாலும் சிக்கலே. கடினமான சுற்றில் இரண்டாவதாக வந்த வேகமான வள்ளம் வெளியேறும். எளிய சுற்றில் முதலாவதாக வந்த மெதுவான வள்ளம் உள்ளே வரும். பொம்மைக் கார் சரிவில் கணிதம் காட்டிய அதே இரட்டைச் சிக்கல் இது. சுற்றுகளை நீரோட்டம் மாறும் வேளைக்கு ஏற்ப நெருக்கமாக வைப்பதும், பருவம் முழுவதிலும் ஒவ்வொரு வள்ளமும் ஒவ்வொரு தடத்திலும் ஏறத்தாழச் சமமாக ஓடுமாறு அட்டவணை இடுவதும் செலவில்லாத தீர்வுகள்.

இன்னொரு விதி இவற்றைவிட ஆழமானது. நேரு கோப்பையில் ஒரு வள்ளத்தின் துடுப்பாளர்களில் வெளிமாநிலத்தவர் கால்பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. சுண்டன் வள்ளம் ஒரு கரையின், அதாவது ஊரின், பொதுச்சொத்து. ஊராரின் உழைப்பிலும் நன்கொடையிலும் கட்டப்பட்டது. லீக்கும் பரிசுப்பணமும் வளர வளர, பயிற்சி பெற்ற துடுப்பாளர்களை வெளியிலிருந்து அழைத்துவரும் வசதி சில கழகங்களுக்கு வாய்த்தது. கால்பங்கு விதி தடத்தையோ நேரத்தையோ சமன் செய்யவில்லை. ‘இது யாருடைய பந்தயம்’ என்ற கேள்விக்கு அது விடை கூறுகிறது. பைன் மரக்கட்டையை ஏழு வயதுக் குழந்தை செதுக்க வேண்டுமா, பட்டறை வைத்திருக்கும் தந்தை செதுக்கலாமா என்ற அதே கேள்வி, இங்கே நூறு துடுப்புகளின் அளவில் நிற்கிறது. 1971வரை டெர்பியின் வாசலில் நின்ற சிறுமியரை நினைவூட்டும் மறுபக்கமும் இதற்குண்டு. நேரு கோப்பையில் பெண்கள் தெக்கனோடி வள்ளங்களில் தனிப்பிரிவாகப் போட்டியிடுகின்றனர். சுண்டனின் பெருமை இன்னும் ஆண்களுடையதாகவே இருக்கிறது. உள்ளூராரைக் காக்கும் வேலியும் சிலரை வெளியே நிறுத்தும் வேலியும் ஒரே மரத்தில் செய்யப்படுகின்றன. எந்த வேலி எதற்காக நடப்பட்டது என்பதை ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் கேட்டாக வேண்டும்.

இந்த வரலாறு முழுவதிலும் ஒரு நகர்வு தெரிகிறது. தொடக்கத்தில் நேர்மை என்பது நடுவரின் குணமாக இருந்தது. பிறகு அது தராசாகவும், பொதுச் சக்கரமாகவும், தட அட்டவணையாகவும், கடிகாரமாகவும் மாறியது. நல்ல மனிதரை நம்புவதற்குப் பதில் நல்ல நடைமுறையை நம்பக் கற்றுக்கொண்ட கதை இது. எனினும் நடைமுறை பெருகப் பெருக, அது சிலருக்கு மட்டுமே புரியும் மந்திரமாகிவிடும் ஆபத்தும் கூடுகிறது. ஆகவே ஒரு லீக் நேர்மையானதா என்று அறிய வென்றவரைக் கேட்பதில் பயனில்லை. தோற்றவரின் கையில் எடைப் பதிவையும் தட அட்டவணையையும் நேரப் பட்டியலையும் கொடுத்து, அவரே கணக்கைப் போட்டுப் பார்க்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். மிளகு மூட்டையைப் பிரித்துக் காட்டச் சொல்லும் உரிமை வாங்குபவருக்கு இருந்ததால்தான், மட்டாஞ்சேரியில் மூட்டையைப் பார்க்காமலேயே விலை பேச முடிந்தது.